பயர்பொக்ஸ் ஈ.எஸ்.ஆர்.: சேவையகம் இல்லாத அலுவலகத்துக்கு ஓர் உலாவி

யாழ்ப்பாணத்தில் உள்ள சிறிய, நடுத்தர அலுவலகங்களின் கணினி வலையமைப்பு ஏறத்தாழ ஒரே சாயலில்தான் இருக்கிறது. கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கப்பட்ட பத்து இருபது கணினிகள், அவற்றை இணைக்கும் ஒரு சுவிட்ச், இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர், எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஓர் அச்சுப்பொறி, கோப்புகளைச் சேர்த்து வைப்பதற்கென மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கணினி. இவற்றுக்கு மேல் முறையான சேவையகமோ, அதைப் பராமரிக்கும் நிரந்தரத் தொழில்நுட்பவியலாளரோ அனேகமாக இருப்பதில்லை. ஆனால் அந்த அலுவலகத்தின் வேலையில் பெரும்பகுதி இன்று உலாவிக்குள்தான் நடக்கிறது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவை, ஊழியர் சேமலாப நிதிக்கான மாதாந்தப் பதிவுகள், வங்கிக் கணக்கு, கம்பனிப் பதிவு, மின்னஞ்சல் என்று காலையில் திறக்கும் உலாவி மாலையில்தான் மூடப்படுகிறது. அப்படிப்பட்ட அலுவலகங்களில் மொசில்லாவின் பயர்பொக்ஸ் ஈ.எஸ்.ஆர். பதிப்பை நிறுவிப் பராமரித்து வரும் அனுபவத்தை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வீட்டில் ஒருவர் தனக்கென வைத்துக்கொள்ளும் உலாவியை அளக்கும் அளவுகோல்கள் இங்கே பொருந்தா. பக்கம் அரை வினாடி முந்தித் திறக்கிறதா என்பதைப் பற்றி ஓர் எழுதுவினைஞர் கவலைப்படுவதில்லை. நேற்று இருந்த பொத்தான் இன்றும் அதே இடத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.

ஈ.எஸ்.ஆர். என்பது நீண்டகால ஆதரவுடன் வரும் வெளியீடு. 2004 நவம்பரில் முதலாம் பதிப்பாக வெளிவந்த பயர்பொக்ஸ், 2011 இல் சில வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு என்ற விரைவு முறைக்கு மாறியது. நூற்றுக்கணக்கான கணினிகளைப் பராமரிக்கும் நிறுவனங்களுக்கு அந்த வேகம் ஒத்துவராததால், 2012 இல் பத்தாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு ஈ.எஸ்.ஆர். தொடங்கப்பட்டது. வழமையான பயர்பொக்ஸ் இப்போது நான்கு வாரத்துக்கு ஒரு தடவை புதிய இலக்கத்துடன் வருகிறது; ஈ.எஸ்.ஆர். ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு தடவைதான் பெரிதாக மாறுகிறது. 2023 ஜூலையில் 115, 2024 ஜூலையில் 128, 2025 ஜூனில் 140 என்று அதன் படிகள் அமைந்துள்ளன. இடைப்பட்ட மாதங்களில் பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வந்து சேர்கின்றன, தோற்றமும் பழக்கமும் மாறுவதில்லை. புதிய பெரிய பதிப்பு வந்த பின்னரும் பழையது ஏறத்தாழ மூன்று மாதம் பராமரிக்கப்படுவதால், எப்போது மாறுவது என்பதை அலுவலகமே தீர்மானித்துக்கொள்ளலாம். வருமான வரி விவரத்திரட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய நவம்பர் 30 நெருங்கும் வாரங்களில் எந்தக் கணக்கு அலுவலகமும் புதிய தோற்றத்துடன் மல்லுக்கட்ட விரும்பாது; ஆண்டின் நடுப்பகுதியில் வரும் மாற்றத்தைச் செப்டெம்பருக்குள் முடித்துவிட்டால் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் கை பழகியிருக்கும்.

இவ்வளவும் மொசில்லாவின் விளம்பரத் தாளிலேயே இருக்கக்கூடியவை. நான் ஈ.எஸ்.ஆரைச் சிபாரிசு செய்வதற்கான உண்மையான காரணம் வேறு. இங்கே விற்பனையாகும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை வின்டோஸ் ஹோம் பதிப்புடன்தான் வருகின்றன. ஹோம் பதிப்பை டொமைன் எனப்படும் மையப்படுத்திய வலையமைப்பில் சேர்க்க முடியாது; கணினியின் அமைப்புகளை நிர்ணயித்துப் பூட்ட உதவும், குழுக்கொள்கைத் தொகுப்பி எனப்படும் குரூப் பொலிசி கருவியும் அதில் இல்லை. குரோமையும் எட்ஜையும் நிறுவனங்களில் கட்டுப்படுத்துவதற்கு எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்கின்றன என்ற அனுமானத்தில்தான் தொடங்குகின்றன. வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் நேரடியாக எழுதிச் சமாளிக்கலாம் என்று சொல்வோர் உண்டு. ஓரளவுக்குச் சமாளிக்கலாம். ஆனால் முகப்புப் பக்கம், தொடக்கத்தில் திறக்கும் பக்கங்கள், இயல்பான தேடுபொறி முதலிய சில கொள்கைகளை (நிர்வாகி உலாவிக்கு விதிக்கும் அமைப்புகளை) குரோம், வின்டோஸில், டொமைனில் சேர்ந்த கணினிகளிலோ கூகுளின் முகில்வழி (இணையவழி) நிர்வாகத்தில் பதிவான கணினிகளிலோ மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. தீநிரல்கள் பதிவேட்டின் வழியாக முகப்புப் பக்கத்தைக் கடத்திச் செல்வதைத் தடுப்பதற்காகவே இந்தக் கட்டுப்பாடு வைக்கப்பட்டது என்பதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. எட்ஜிலும் முகப்புப் பக்கத்துக்கு இதையொத்த கட்டுப்பாடு உண்டு. கூகுளின் முகில்வழி நிர்வாகத்தின் அடிப்படைச் சேவைக்குக் கட்டணம் இல்லை என்றாலும், அதற்கென நிறுவனத்தின் பெயரில் ஒரு நிர்வாகக் கணக்கைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை ஒருவர் பொறுப்பில் வைத்துப் பேண வேண்டும். அந்த ஒருவர் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட்டால் என்ன நடக்கும் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பயர்பொக்ஸ் இந்த இடத்தில் மிக எளிமையான வழியொன்றைத் தருகிறது. 2018 மே மாதம் வெளிவந்த 60 ஆம் பதிப்பிலிருந்து, உலாவி நிறுவப்பட்டிருக்கும் கோப்புறைக்குள் ‘டிஸ்ரிபியூஷன்’ (distribution) என்ற பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் ‘பொலிசீஸ்’ (policies.json) என்ற பெயரில் ஜேசன் வடிவக் கோப்பு ஒன்றை வைத்தால் போதும்; அடுத்த தடவை உலாவி திறக்கும்போது அந்தக் கோப்பில் உள்ளவை அனைத்தும் நடைமுறைக்கு வந்துவிடும். வின்டோஸ் ஹோமா, புரோவா, டொமைனில் இருக்கிறதா இல்லையா என்று அது கேட்பதில்லை. கோப்பு இருப்பது புரோகிராம் பைல்ஸ் கோப்புறைக்குள் என்பதால், நிர்வாகி உரிமை இல்லாத பயனாளர் அதைத் திறந்து படிக்கலாம், மாற்ற முடியாது. லினக்ஸ் ஓடும் கணினி ஒன்றிரண்டு இருந்தாலும் அங்கும் அதே கோப்பின் உள்ளடக்கம் வேலை செய்யும்; கோப்பை வைக்கும் இடமும் உள்ளே எழுதும் பாதைகளும்தான் வேறு. எளிய உரைக்கோப்பு ஒன்றால் அலுவலகம் முழுவதையும் ஒரே சீராக வைத்திருக்க முடிவது, ஆளணியும் பணமும் குறைந்த இடங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி.

நிறுவும் வேலையைப் பொறுத்தவரை, மொசில்லாவின் தளத்தில் முதலில் கண்ணில் படும் சிறிய நிறுவியைத் தவிர்த்து முழு நிறுவியைத் தரவிறக்க வேண்டும். சிறிய நிறுவி ஒவ்வொரு கணினியிலும் மிகுதியை இணையத்திலிருந்து இழுக்கும். முழு நிறுவியை ஒரு தடவை இறக்கிப் பகிர்ந்த கோப்புறையில் வைத்துவிட்டால் மற்றக் கணினிகள் உள் வலையமைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மாதத்துக்கு இத்தனை கிகாபைட் என்ற பொதியில் இணையம் பெறும் அலுவலகத்தில் இது சில்லறை விடயமல்ல. முழு நிறுவியை, கேள்வி எதுவும் கேட்காமல் தானாக நிறுவும் அமைதி முறையில் ஓட்டலாம். சாய்கோடும் பெரிய எஸ் எழுத்தும் சேர்த்துக் கட்டளை கொடுத்தால் போதுமானது. 65 ஆம் பதிப்பிலிருந்து எம்.எஸ்.ஐ. வடிவ நிறுவியும் கிடைக்கிறது. டொமைன் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு அது உதவும். நான் இங்கே பேசும் அலுவலகங்களுக்குச் சாதாரண நிறுவியும், நிறுவிய கையோடு கொள்கைக் கோப்பைப் பிரதிசெய்யும் நாலைந்து வரிக் கட்டளைக் கோப்பும் போதும். பராமரிப்புச் சேவை என்று நிறுவியில் வரும் தெரிவை நீக்காமல் விடுங்கள். பின்னர் வரும் அப்டேட்கள் நிர்வாகி கடவுச்சொல்லைக் கேட்டு வேலையைக் குழப்பாமல் தாமாகவே நிறுவப்படுவது அந்தச் சேவையால்தான்.

இந்தக் கட்டத்தில் இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, ஏற்கெனவே உலாவி இருக்கும் கணினியில் நிறுவியை மீண்டும் ஓட்டினால் டிஸ்ரிபியூஷன் கோப்புறை அழிக்கப்பட்டுவிடும். இது பிழையல்ல, நிறுவியின் இயல்பான நடத்தையே அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. உலாவி தானாக அப்டேட் ஆகும்போது கோப்புறைக்கு எதுவும் நடப்பதில்லை. ஆனால் யாராவது ஒருவர் ஏதோ கோளாறு என்று நினைத்து நிறுவியை எடுத்து மேலே மீண்டும் நிறுவினால், முகப்புப் பக்கம், தடைகள், புக்மார்க்குகள் எல்லாம் அந்தக் கணினியில் மட்டும் காணாமல் போய்விடும். கோப்புறையை நீக்காதே என்று சொல்லும் தெரிவு ஒன்று நிறுவியின் கட்டளையில் உண்டு; அதைக் கட்டளைக் கோப்பில் எழுதி வைத்துவிட வேண்டும், அல்லது நிறுவிய பின்னர் ஒவ்வொரு தடவையும் கொள்கைக் கோப்பை மீண்டும் வைக்க வேண்டும். “தம்பி, மேல இருந்த பாங்க் பட்டனக் காணேல்லை” என்று ஓர் அலுவலக அக்கா தொலைபேசியில் சொன்னால், நான் முதலில் கேட்பது யாராவது மீண்டும் நிறுவினார்களா என்பதைத்தான்.

இரண்டாவது பொறி, வழமையான பயர்பொக்ஸ் ஏற்கெனவே பாவனையில் உள்ள கணினிகளில் காத்திருக்கிறது. ஈ.எஸ்.ஆரின் இலக்கம் எப்போதும் வழமையான பதிப்பின் இலக்கத்துக்குச் சமமாகவோ பின்தங்கியோ இருக்கும். புதிய இலக்கத்தில் பயன்படுத்திய சுயவிவரத்தை (பயனாளரின் கடவுச்சொற்கள், புக்மார்க்குகள் முதலியவை இருக்கும் கோப்புறையை) பழைய இலக்கத்தில் திறக்க 67 ஆம் பதிப்பிலிருந்து உலாவி மறுக்கிறது. புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கச் சொல்லி நிற்கிறது. அதை அழுத்திய பயனாளர், சேமித்த கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் தொலைந்துவிட்டன என்று பதறுவது இயல்பு. அவை பழைய சுயவிவரக் கோப்புறையில் பத்திரமாக இருக்கின்றன. புதிய ஈ.எஸ்.ஆர். வெளிவந்து, இரண்டு இலக்கங்களும் ஒன்றாக நிற்கும் வாரங்களில் மாறினால் இந்தச் சிக்கல் எழாது. அது முடியாவிட்டால் மாறுவதற்கு முன் கடவுச்சொற்களைக் கோப்பாக வெளியேற்றி, புதிதில் உள்ளீடு செய்த உடனேயே அந்தக் கோப்பை அழிக்க வேண்டும், ஏனென்றால் அதில் கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் எழுதப்பட்டிருக்கும்.

இனிக் கொள்கைக் கோப்புக்கு வருவோம். ஜேசன் எழுதுவது கடினமல்ல, ஆனால் அது மன்னிக்கும் வடிவமும் அல்ல. ஒரு காற்புள்ளி கூடினாலும் குறைந்தாலும் கோப்பு முழுவதும் புறக்கணிக்கப்படும். உலாவியோ எதுவும் நடக்காதது போல வழமையாகத் திறக்கும். தரவிறக்கக் கோப்புறையின் பாதையை எழுதும்போது வின்டோஸின் பின்சாய்கோட்டை இரட்டித்து எழுதாவிட்டாலும் கதை இதுதான். நோட்பாட்டில் எழுதிச் சேமிக்கும் புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இன்னோரிடம், வின்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைப்பது: திரையில் சரியான பெயர் தெரிய, உண்மையில் அதன் வாலில் சாதாரண உரைக்கோப்புக்கான பின்னொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழில் புக்மார்க் பெயர்கள் வைக்க விரும்புவோர் கோப்பை யு.ரி.எப். 8 குறியீட்டில் சேமித்தார்களா என்றும் பார்க்க வேண்டும். பழைய வின்டோஸின் நோட்பாட் இயல்பாக வேறு குறியீட்டில் சேமித்து, தமிழ் எழுத்துகளைக் கேள்விக்குறிகளாக மாற்றிவிடும். இவை எல்லாவற்றையும் கண்டுபிடிக்க உலாவிக்குள்ளேயே ஒரு பக்கம் இருக்கிறது. முகவரிப் பட்டையில் ‘அபவுட்’ என்று எழுதி முக்காற்புள்ளியிட்டுப் ‘பொலிசீஸ்’ என்று சேர்த்தால், நடைமுறையில் உள்ள கொள்கைகளின் பட்டியலும், பிழை இருந்தால் அதற்கான செய்தியும், பாவிக்கக்கூடிய எல்லாக் கொள்கைகளின் விளக்கமும் அங்கே கிடைக்கும். இந்தப் பக்கத்தின் நேர்த்திக்காகவே மொசில்லாவுக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுக்கலாம்.

என்னுடைய கோப்புகளில் வழக்கமாக இடம்பெறுபவை அதிகமில்லை. முகப்புப் பக்கத்தை நிர்ணயித்துப் பூட்டுதல், அலுவலகத் தளங்களைப் புக்மார்க் பட்டையில் வைத்தல், தரவிறக்கங்களைப் பகிர்ந்த இயக்ககத்தின் ஒரு கோப்புறைக்கு அனுப்புதல், பல எழுதுவினைஞர் ஒரே கணினியைப் பாவிக்கும் இடங்களில் கடவுச்சொல் சேமிப்பை நிறுத்தி உலாவியை மூடும்போது வரலாற்றைத் துடைத்தல், மொசில்லா கணக்கில் உள்நுழைந்து அலுவலகத்து விடயங்களை வீட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுத்தல், பயன்பாட்டுத் தரவுகளையும் பரிசோதனைகளையும் நிறுத்துதல் ஆகியவை எல்லா இடங்களுக்கும் பொருந்தும். வங்கித் தளங்கள் சில, உறுதிப்படுத்தும் பக்கத்தை மேலெழும் சாளரமாகத் திறப்பதால் அந்த முகவரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது. ரவுட்டரில் தளத்தடை வைத்திருக்கும் அலுவலகங்களில், தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் இணைய முகவரியைக் கேட்கும் பெயர்த் தீர்வுக் கோரிக்கைகளை மறைகுறியாக்கி ரவுட்டரைத் தாண்டி அனுப்பும் வசதியை அணைத்துப் பூட்டாவிட்டால் அந்தத் தடை பெயரளவிலேயே நிற்கும். உலாவிக்குள்ளேயே தளங்களைத் தடுக்கும் கொள்கையும் உண்டு. அதில் ஆயிரம் பதிவுகள்வரை எழுதலாம் என்றாலும், தடைப்பட்டியலை நீட்டிக்கொண்டே போவதால் யாருடைய வேலையும் விரைவதை நான் பார்த்ததில்லை.

விளம்பரத் தடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யூபிளொக் ஒரிஜின் என்ற நீட்சியை (உலாவியோடு சேர்க்கும் சிறு மென்பொருளை) எல்லாக் கணினிகளிலும் கட்டாயமாக நிறுவும்படி கொள்கைக் கோப்பில் இரண்டு மூன்று வரிகளால் எழுதிவிடலாம். பயனாளரால் அதை நீக்க முடியாது. செய்தித் தளங்களின் பக்கங்களில் உள்ள விளம்பரக் காணொளிகள் இறங்காமல் நிற்பதால் இணையப் பொதி மிச்சமாகிறது என்பது ஒரு பயன். ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று அலறும் போலி விளம்பரங்களை எழுதுவினைஞர் காணவே நேராமல் போவது அதைவிடப் பெரிய பயன். குரோம் தன் நீட்சிகளின் அடிப்படையை மாற்றியதால் இந்த நீட்சியின் முழு வடிவம் அங்கே இனிச் செயற்படாது. சுருக்கிய வடிவம் மட்டுமே இருக்கிறது. பயர்பொக்ஸ் பழைய அடிப்படையையும் தொடர்ந்து ஆதரிக்கிறது.

கொள்கைகள் நடைமுறைக்கு வந்ததும், அமைப்புகள் பக்கத்தின் மேலே, உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற செய்தி தோன்றும். இதைப் பார்த்து, தாம் எந்தப் பக்கத்தைத் திறக்கிறோம் என்று முகாமையாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என ஊழியர்கள் நினைத்துவிடுகிறார்கள். கொள்கைக் கோப்பு ஒருவழிப் பாதை; அது உலாவிக்குச் சொல்கிறதே தவிர, யாருக்கும் எதையும் அறிவிப்பதில்லை. நிறுவிய அன்றே எல்லோரையும் அழைத்து இதைச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் வதந்தி பரவும்.

தமிழைப் பொறுத்தவரை பயர்பொக்ஸ் நல்ல உலாவிதான், குறைகளும் உண்டு. எழுத்துருக்களை மொழிவாரியாகத் தெரிவுசெய்யும் பகுதியில் தமிழுக்கென்று தனி இடம் இருக்கிறது. லதாவுக்குப் பதிலாக நிர்மலா போன்ற தெளிவான எழுத்துருவை வைத்து, அளவையும் சற்றுக் கூட்டிவிட்டால், ஐம்பதைத் தாண்டிய கண்களுக்குப் பெரிய ஆறுதல். பக்கங்கள் தமக்கென்று கேட்கும் எழுத்துருவைப் பாவிக்க அனுமதிக்கும் தெரிவை மட்டும் நீக்கிவிடக் கூடாது. யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் செய்த பழைய பக்கங்களும் ஆவணங்களும் வடக்கில் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அந்தத் தெரிவு நீங்கினாலோ கணினியில் பாமினி இல்லாவிட்டாலோ அவை ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். உலாவியின் இடைமுகத்தையே தமிழில் வைக்கவும் முடியும். ஆனால் புதிதாகச் சேர்க்கப்படும் பகுதிகளில் பல ஆங்கிலத்திலேயே நிற்பதால், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் தெரியும் பட்டியல்கள், ஆங்கில இடைமுகத்தில் பழகியவர்களைக் குழப்புகின்றன. புதிதாகக் கணினி பழகும் ஊழியருக்குத் தமிழ் இடைமுகம் கொடுத்துப் பார்க்கலாம். அலுவலகம் முழுவதற்கும் ஒரே நாளில் மாற்றுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

குறைகளுக்கு வருவோம். இணையத் தளங்களை உருவாக்கும் பலர் இன்று குரோமில் மட்டும் பரிசோதித்துவிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு வங்கியின் நிறுவனக் கணக்குப் பகுதியில், கொடுப்பனவுப் பட்டியலைக் கோப்பாக ஏற்றும் பொத்தான் பயர்பொக்ஸில் அசையவே இல்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது குரோமைப் பாவியுங்கள் என்பதோடு பதில் முடிந்தது. இந்தப் பழியை உலாவியின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்றாலும், சம்பள நாளில் நியாயம் பேசிப் பயனில்லை. வின்டோஸ் 10 இலும் 11 இலும் எட்ஜ் எப்படியும் இருக்கிறது. அத்தகைய ஒரு தளத்துக்கென்று மேசைத்திரையில் எட்ஜின் குறுக்குவழி ஒன்றை, அந்தத் தளத்தின் பெயரோடு வைத்துவிடுவதே நான் கண்ட தீர்வு. இரண்டாவது குறை, அறிக்கை இல்லாமை. எந்தக் கணினியில் எந்த இலக்கம் ஓடுகிறது, எங்கே கொள்கைக் கோப்பு தவறியிருக்கிறது என்பதை ஓரிடத்திலிருந்து பார்க்க முடியாது; ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும், அல்லது அதற்கென்று தனியே ஒரு கட்டளைக் கோப்பு எழுத வேண்டும். கோப்பில் ஒரு வரி மாறினால் எல்லாக் கணினிகளுக்கும் மீண்டும் பிரதிசெய்வதும் நமது வேலைதான். இருபது கணினிவரை இது தாங்கும். நூறைத் தாண்டும் நிறுவனம் டொமைனுக்கோ முகில்வழி நிர்வாகத்துக்கோ செலவிடத்தான் வேண்டும்.

மறைகுறியாக்கிய இணையப் போக்குவரத்தைத் திறந்து சோதிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் உள்ள இடங்களில், முன்பு பயர்பொக்ஸில் மட்டும் எல்லாத் தளங்களும் பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கை வரும். காரணம், தளம் உண்மையானதுதானா என்று சரிபார்க்க உதவும் சான்றிதழ்கள் விடயத்தில் பயர்பொக்ஸ் வின்டோஸின் களஞ்சியத்தை நம்பாமல் தன்னுடையதையே பாவித்ததுதான். 120 ஆம் பதிப்பிலிருந்து, வின்டோஸில் பின்னர் சேர்க்கப்பட்ட மூலச் சான்றிதழ்களையும் அது தானாக ஏற்றுக்கொள்கிறது, 115 ஈ.எஸ்.ஆரில் மட்டும் அதற்கான கொள்கையை எழுதி இயக்க வேண்டும்.

115 ஐப் பற்றிப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் வின்டோஸ் 7 இங்கே இன்னும் ஓய்வுபெறவில்லை. பழைய கணக்கு மென்பொருளுக்காகவும் புள்ளி அச்சுப்பொறிக்காகவும் ஒன்றிரண்டு கணினிகள் அப்படியே வைக்கப்பட்டிருக்கின்றன. குரோம் 109 ஆம் பதிப்போடு 2023 இன் தொடக்கத்திலேயே வின்டோஸ் 7 ஐக் கைவிட்டது. பயர்பொக்ஸில் 115 ஈ.எஸ்.ஆரே வின்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கான கடைசிப் பதிப்பு. 2024 செப்டெம்பர்வரை என்று முதலில் சொல்லப்பட்ட அதன் பராமரிப்புக் காலத்தை மொசில்லா பின்னர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நீட்டித்தது. வேறு எந்தப் பெரிய உலாவியும் இந்தப் பழைய கணினிகளுக்கு இவ்வளவு இரக்கம் காட்டவில்லை. ஆயினும் உலாவி பாதுகாப்பாக இருப்பதால் அதன் கீழுள்ள இயங்குதளமும் பாதுகாப்பாகிவிடாது. அந்தக் கணினிகளில் வங்கி வேலை செய்ய விடாமல், திணைக்களத் தளங்களைப் படிப்பதற்கும் படிவங்களை அச்சிடுவதற்கும் மட்டும் ஒதுக்கி வைக்கும்படி சொல்லிவருகிறேன்.

அப்டேட்டை நிறுத்தி வைக்கலாமா என்று பல அலுவலகங்கள் கேட்கின்றன. இணையப் பொதியை மிச்சப்படுத்துவதே நோக்கம். நிறுத்துவதற்கான கொள்கையும் இருக்கிறது. ஆனால் 2025 மார்ச் 14 அன்று மொசில்லாவின் மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகும்போது, 128 க்கு முந்திய பதிப்புகளிலும், ஈ.எஸ்.ஆரில் 115.13 க்கு முந்திய பதிப்புகளிலும் நீட்சிகள் முடங்கும் என்று மொசில்லா முன்கூட்டியே எச்சரித்தது. 2019 மே மாதத் தொடக்கத்தில் இதைப் போலவே வேறொரு சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுவதும் பயர்பொக்ஸ் நீட்சிகள் ஒரே இரவில் செயலிழந்தன. அது மொசில்லாவின் கவனக்குறைவுதான், அதை மறைப்பதற்கில்லை. அந்தத் தடவையும் தீர்வு வந்து சேர்ந்தது அப்டேட் வழியாகத்தான். ஈ.எஸ்.ஆரின் இடைக்கால அப்டேட்கள் பெரும்பாலும் மாறிய பகுதிகளை மட்டும் இறக்குவதால் பொதியில் பெரிய ஓட்டை விழுவதில்லை. நிறுத்த வேண்டாம் என்பதே என் பதில்.

விலை என்று எதுவும் இல்லை; உலாவியும் கொள்கை வசதியும் முற்றிலும் இலவசம். செலவு, வந்து செய்து கொடுப்பவரின் நேரத்துக்குத்தான். அவரிடம் வேலையைக் கொடுக்கும்போது, கொள்கைக் கோப்பின் பிரதியையும் நிறுவும் கட்டளைக் கோப்பையும் பகிர்ந்த கோப்புறையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் வந்தாலும் அவற்றிலிருந்து தொடங்கலாம். கணக்கை முடிப்பதற்கு முன், ஏதாவது ஒரு மேசைக்குப் போய், எழுதுவினைஞரின் சாதாரணக் கணக்கிலேயே அபவுட் பொலிசீஸ் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பட்டியல் அங்கே வெறுமையாக இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை.